குறைந்த செலவில் அடுக்கு ஃபோம் மெத்தை: கட்டிலை அளப்பது முதல் உறை போடுவது வரை

மெத்தைக் கடைக்குப் போய் “உள்ளே என்ன ஃபோம், எத்தனை டென்சிட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆர்த்தோ சார், முதுகுவலிக்கு ரொம்ப நல்லது” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பத்து வருட வாரண்டி என்பார்கள், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்பார்கள், உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். நானும் சென்னையில் கடை கடையாக அலைந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லக் கேட்டுக் குழம்பி, கடைசியில் ஃபோமைத் தனித்தனி ஷீட்டாக வாங்கி, உறையை வெளியே தைக்கக் கொடுத்து, மெத்தையை வீட்டிலேயே அடுக்கிக்கொண்டேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. எதைக் கேட்க வேண்டும், எதை எடை போட வேண்டும், எதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துக்கொண்ட அளவு 75 × 60 இன்ச், கடைக்காரர்கள் குயின் சைஸ் என்பது. உங்கள் கட்டில் வேறு அளவாக இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம், வழி கீழே இருக்கிறது.

1. கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் கட்டில் நீளம் 72, 75, 78 இன்ச் என்று மூன்று விதமாக வருகிறது. அகலம் ஒருவருக்கு 36, குயினுக்கு 60, கிங்குக்கு 72. ஆனால் ஆசாரி செய்த கட்டிலில் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. 74 இருக்கும், 61 இருக்கும். டேப்பை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை பிடித்து, தலைமாடு, நடு, கால்மாடு என்று மூன்று இடத்தில் அளங்கள். மூன்றில் குறைந்த அளவுதான் உங்கள் அளவு.

உயரத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். தரையிலிருந்து மெத்தையின் மேல்பரப்பு 18 முதல் 20 இன்ச் இருந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து எழ வசதி. கட்டில் 12 இன்ச் என்றால் 6 இன்ச் மெத்தை போதும். எட்டு, பத்து இன்ச் என்று ஏற்றினால் செலவுதான் ஏறும்.

கட்டிலின் தளத்தையும் பாருங்கள். பிளைவுட் என்றால் நல்லது, இடையிடையே காற்றுப் போக ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. பட்டைப் பலகை அடித்த கட்டிலில் பலகைகளுக்கு நடுவே மூன்று இன்ச்சுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதற்குள் இறங்கிவிடும், மேலே ஒரு மெல்லிய பிளைவுட் போட்டுவிடுங்கள்.

2. படுக்கப் போவது யார்?

உடல் எடையும் படுக்கும் விதமும் தெரியாமல் ஃபோம் வாங்க முடியாது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்க வேண்டும், மேலே இரண்டு இன்ச்சாவது மென்மை தேவை. மல்லாந்து படுப்பவர்களுக்கு அதில் பாதி போதும். குப்புறப் படுப்பவர்களுக்கு மென்மையான மெத்தை ஆகவே ஆகாது, இடுப்பு இறங்கி முதுகு வளையும். எண்பது கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் டென்சிட்டியில் (ஃபோமின் அடர்த்தி, விளக்கம் அடுத்த பகுதியில்) கஞ்சத்தனம் காட்டக் கூடாது. 28 டென்சிட்டி ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும், அதன் பிறகு சீக்கிரமே நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

கணவன் மனைவி இருவருக்கும் எடையில் நல்ல வித்தியாசம் இருந்தால், நடு அடுக்கை மட்டும் 75 × 30 என்று இரண்டு துண்டாக வாங்கி, ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் மென்மையாகவும் வைக்கலாம். மேல் அடுக்கும் உறையும் ஒன்றுதான், வெளியே தெரியாது. நாமே அடுக்குவதில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி இது.

இரண்டு எச்சரிக்கைகள். கைக்குழந்தையை இந்த மாதிரி மென்மையான மேல் அடுக்கில் படுக்க வைக்காதீர்கள், குழந்தைக்குக் கெட்டியான சமதளம்தான் பாதுகாப்பு. டிஸ்க் பிரச்சினை, முதுகில் ஆபரேஷன் என்று இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஃபோம் வாங்குங்கள்.

3. எந்த ஃபோம் எதற்கு?

முதலில் டென்சிட்டி என்றால் என்ன என்று தெளிவாகிவிடலாம், ஏமாற்று வேலை பாதி இங்கேதான் நடக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறதோ அதுதான் டென்சிட்டி. 40 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ. அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு ஓரளவு அடையாளம். கெட்டியா மென்மையா என்பதற்கும் டென்சிட்டிக்கும் சம்பந்தமில்லை. 40 டென்சிட்டியிலேயே மெத்தென்று இறங்குவதும் உண்டு, கல் மாதிரி இருப்பதும் உண்டு. “டென்சிட்டி கூடினால் கெட்டியாகிவிடும் சார், உங்களுக்கு வேண்டாம்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவருக்கே தெரியவில்லை அல்லது அவரிடம் அந்தச் சரக்கு இல்லை.

சாதாரண பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் 18, 23, 28, 32, 40 என்று வரும். 18ம் 23ம் தலையணை, சோபா முதுகுச் சாய்மானம் வரைதான், தினமும் படுக்கும் மெத்தைக்கு 32க்குக் கீழே போகாதீர்கள். ஹெச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோம் என்பது அதைவிட நன்றாக எதிர்த்துத் தள்ளும் வகை, அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் உடனே எழும். நடு அடுக்குக்கு 40 டென்சிட்டி ஹெச்.ஆர். நல்ல தேர்வு, வசதி இருந்தால் 50.

ரீபாண்டட் என்பது கழிவு ஃபோம் துண்டுகளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது, பல வண்ணத் துணுக்குகளாகத் தெரியும். கடையில் பாண்டட் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். 80 முதல் 120 டென்சிட்டி வரை கிடைக்கும். கனமும் கெட்டியும் விலைக்குறைவும் சேர்ந்தது, அடி அடுக்குக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இதை மட்டுமே ஆறு இன்ச் போட்டுப் படுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும்.

மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு இறங்கும். ஏ.சி. இல்லாத அறையில், சித்திரை வெயிலில், அது அளவுக்கு மீறி இளகுவதோடு சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை, மதுரை, திருச்சி பக்கம் ஃபேன் காற்றில் தூங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இயற்கை லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்வது. சின்னச் சின்னத் துளைகளோடு வரும், காற்று போகும், மெத்தென்று இறங்கி உடனே எழும். மேல் அடுக்குக்கு இதுதான் சிறந்தது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் நல்ல இலவம் பஞ்சு மெத்தை இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, மெல்லியதாகத் தைத்து வாங்கி மேல் அடுக்காகப் போட்டுக்கொள்ளலாம். லேடெக்ஸ் காசு மிச்சம், வெயில் காலத்துக்கும் சுகம். அவ்வப்போது உதறிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

4. அடுக்குத் திட்டமும் செலவும்

அடியில் கெட்டி, நடுவில் எதிர்த்துத் தாங்குவது, மேலே மென்மை. இந்த வரிசை மாறக் கூடாது. நான் போட்டது: அடியில் 2 இன்ச் ரீபாண்டட், நடுவில் 2 இன்ச் 40 டென்சிட்டி ஹெச்.ஆர்., மேலே 2 இன்ச் லேடெக்ஸ்.

வரியோடு சேர்த்து எனக்கு ஆனது ஏறக்குறைய இப்படி: ரீபாண்டட் 2,500 ரூபாய், ஹெச்.ஆர். 2,400, லேடெக்ஸ் 7,000, உள் உறை துணியும் கூலியும் 900, வெளி உறை துணி, ஜிப், கூலி சேர்த்து 2,800, வண்டி வாடகை 600. ஆக மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விலை மாறும், அதனால் ரூபாயை விட விகிதத்தைப் பாருங்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவான காசு மேல் அடுக்குக்கே போகிறது. பட்ஜெட் இடித்தால் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான். லேடெக்ஸுக்குப் பதில் மென்மையான 50 டென்சிட்டி ஹெச்.ஆர். இரண்டு இன்ச் போட்டால் நாலாயிரம் குறையும், தூக்கத்தில் பெரிய குறை தெரியாது. இன்னும் குறைக்க வேண்டும் என்றால் அடியில் 4 இன்ச் ரீபாண்டட், மேலே 2 இன்ச் 40 ஹெச்.ஆர்., இரண்டே அடுக்கு. தனியாகத் தங்கியிருக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒற்றைக் கட்டிலில் இது தாராளமாகப் போதும்.

நடு அடுக்கின் டென்சிட்டியில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 40க்குப் பதில் 28 போட்டால் மிஞ்சுவது சில நூறு ரூபாய், போவது மொத்த மெத்தையின் ஆயுள்.

5. கடை தேடுவது

மெத்தை ஷோரூமில் ஷீட்டாகத் தர மாட்டார்கள். சோபா குஷன் வேலைக்கு ஃபோம், ரெக்சின் விற்கும் கடைகளுக்குப் போங்கள். எல்லா ஊரிலும் இருக்கும், உங்கள் தெருவில் சோபா ரிப்பேர் செய்பவரிடமோ கார் சீட் தைப்பவரிடமோ “ஃபோம் எங்கே எடுக்கிறீர்கள்?” என்று கேட்டால் சொல்லிவிடுவார். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சீட் உறை தைக்கும் ஆட்கள் நிறைய, அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தக் கடையில் சரக்கு நிஜம் என்று தெரிந்துவிடும்.

கடையில் கேட்க வேண்டியவை: எந்தக் கம்பெனி பிளாக் (ஷீட் வெட்டி எடுக்கும் பெரிய ஃபோம் கட்டி), டென்சிட்டி எவ்வளவு, இதே டென்சிட்டியில் கெட்டி ரகமும் மென்மை ரகமும் இருக்கிறதா, என் அளவுக்கு ஒரே துண்டாக வருமா அல்லது ஒட்டுப் போடுவீர்களா, சொன்ன விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா. இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள், பி.யு. ஃபோமுக்கு 18 சதவீத வரி, கடைசி நிமிடத்தில் அது பில்லில் ஏறும்போது பட்ஜெட் உதைக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் என்றால் 40, பச்சை என்றால் 32 என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். அது அந்தக் கம்பெனியின் வழக்கம், அடுத்த கம்பெனியில் வேறு நிறம். ‘ஆர்த்தோ’, ‘மெடிகேட்டட்’, ‘சூப்பர்’ என்ற பெயர்களுக்கும் அளவுகோல் எதுவும் கிடையாது.

6. தராசில் வைத்துப் பாருங்கள்

இதை மட்டும் செய்துவிட்டால் பெரும்பாலான ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். ஃபோமின் நீளம், அகலம், கனம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,024ஆல் வகுங்கள். கன மீட்டர் கிடைக்கும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் அந்த ஷீட் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வந்துவிடும்.

75 × 60 அளவில் ஒரு இன்ச் கனத்துக்கு நான் போட்டு வைத்த கணக்கு:

28 டென்சிட்டி: 2.1 கிலோ
32 டென்சிட்டி: 2.4 கிலோ
40 டென்சிட்டி: 2.9 கிலோ
50 டென்சிட்டி: 3.7 கிலோ
80 டென்சிட்டி: 5.9 கிலோ
100 டென்சிட்டி: 7.4 கிலோ

அதாவது 2 இன்ச் 40 டென்சிட்டி ஷீட் ஆறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். ஒரு கடையில் 40 என்று சொல்லித் தந்த ஷீட்டைத் தராசில் போட்டால் ஐந்து கிலோகூட வரவில்லை, கணக்குப் போட்டால் 32. “ஸ்கேல் சரியில்லை” என்றார்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசிலும் அதே எடைதான் காட்டியது. கடையில் பெரிய தராசு இல்லாவிட்டால் பெட்டி எடை பார்க்கும் கைத் தராசு ஒன்று கொண்டுபோங்கள், ஷீட்டைச் சுருட்டிக் கயிறு கட்டி அதில் மாட்டிவிடலாம். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அதற்குச் சண்டை போட வேண்டாம்.

லேடெக்ஸுக்கும் இதே சோதனைதான். வெள்ளை பி.யு. ஃபோமில் ஓட்டை போட்டு லேடெக்ஸ் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். 2 இன்ச் லேடெக்ஸ் இந்த அளவில் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், ஓட்டை போட்ட பி.யு. அதில் பாதிதான்.

எடை சரியாக இருந்தும் சரக்கு மட்டமாக இருக்க ஒரு வழி உண்டு. ஃபோம் ஊற்றும்போது சுண்ணாம்புப் பொடி கலந்து எடையை ஏற்றிவிடுவார்கள். அதைப் பிடிக்க, வெட்டிய ஓரத்தில் கறுப்புத் துணி ஒன்றை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் வாங்க வேண்டாம். நல்ல ஃபோமில் இரண்டு விரலால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தாலும் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும், பொடி கலந்தது பொலபொலவென்று பிய்ந்து வரும். அப்புறம் முழங்காலை ஊன்றி அரை நிமிடம் நின்றுவிட்டு எழுந்து பாருங்கள், ஹெச்.ஆர். என்றால் குழி உடனே நிரம்ப வேண்டும்.

கனத்தையும் நீங்களே அளங்கள். 2 இன்ச் என்றால் 50 மில்லிமீட்டர். 45 இருந்தால் பத்தில் ஒரு பங்குக் காசு போய்விட்டது. நடுவில் ஒரு இடம், நான்கு மூலை என்று பார்த்துவிடுங்கள்.

7. பில்லில் என்ன எழுதி வாங்குவது

தனி ஷீட்டுக்குப் பெரும்பாலும் வாரண்டி அட்டை கிடையாது, பில்தான் உங்கள் ஒரே பத்திரம். ‘ஃபோம் ஷீட் 3 எண்ணம்’ என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. ஒவ்வொரு ஷீட்டுக்கும் வகை, கம்பெனி, டென்சிட்டி, நீள அகலம், கனம் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணோடு. 40 டென்சிட்டி என்று எழுதத் தயங்குகிற கடையில் 40 டென்சிட்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்டர் கொடுத்து வரவழைப்பதாக இருந்தால் முன்பணத்துக்கு ரசீதும், வரும் தேதியும், “எடை குறைந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம்” என்ற ஒரு வரியும் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஃபோமைக் கடைக்காரர்கள் திருப்பி எடுப்பதில்லை, ஆகவே வெட்டுவதற்கு முன்பே எடையும் கனமும் பார்த்தாக வேண்டும்.

வெட்டுவதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், மெஷினில் நேராக வரும். வீட்டில் ஓரத்தை லேசாகச் சரிசெய்ய வேண்டி வந்தால் புதுப் பிளேடு போட்ட பெரிய கட்டர் கத்தியால், ஸ்கேல் வைத்து, ஒரே கோட்டில் மெதுவாகப் பல தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் அழுத்தி வெட்டினால் அடிப்பக்கம் சாய்ந்துவிடும். சூடான கம்பியால் வெட்டுவதை வீட்டுக்குள் முயற்சி செய்யாதீர்கள், புகை கெடுதல்.

8. உறை: இரண்டு வேண்டும்

உள் உறை ஒன்று, வெளி உறை ஒன்று. உள் உறை ஃபோமைக் கட்டாக நிறுத்தி வைக்கும், வெளி உறையைக் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.

உள் உறைக்குக் காடா துணி போதும். சென்னையில் கோடவுன் தெரு போன்ற மொத்த விலைத் துணிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். காடா நன்றாகச் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் உறைக்குள் ஃபோம் நுழையாது.

வெளி உறைக்கு மெத்தைத் துணி என்றே கேளுங்கள், அகலமான ரோலில் வரும். சாதாரண 60 இன்ச் அகலத் துணி குயின் மெத்தைக்குப் போதாது, தையல் மடிப்போடு 62 வேண்டுமே, நடுவில் ஒட்டுத் தையல் விழுந்து முதுகில் உறுத்தும். 85 இன்ச்சுக்கு மேல் அகலமுள்ள துணி என்றால் நாலரை மீட்டரில் மேல், அடி, சுற்றுப்பட்டி மூன்றும் வந்துவிடும். பின்னல் துணி என்றால் லேசாக நீளும், லேடெக்ஸுக்கு அதுதான் பொருத்தம். விறைப்பான துணியை இழுத்துக் கட்டினால் மென்மையான மேல் அடுக்கு கெட்டியாகிவிடும், லேடெக்ஸுக்குக் கொடுத்த காசு வீண்.

ஜிப் மூன்று பக்கம் வேண்டும், நீளப் பக்கம் இரண்டும் கால்மாடும். 5ஆம் நம்பர் நைலான் ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கலாம், ஐந்தரை மீட்டர் வாங்கி இரண்டு ரன்னர் போடச் சொல்லுங்கள். ஒரே பக்கம் ஜிப் வைத்துத் தைத்தால் முப்பது கிலோ மெத்தையை அதற்குள் திணிக்க ஆள் கூப்பிட வேண்டிவரும். ஜிப்பைச் சுற்றுப்பட்டியின் அடி விளிம்பில் வைக்கச் சொன்னால் வெளியே தெரியாது, காலிலும் படாது.

அளவு கொடுக்கும்போது ஃபோமின் அளவையே முடிந்த உறையின் அளவாகச் சொல்லுங்கள். “கொஞ்சம் லூஸா இருக்கட்டும்” என்று தையல்காரர் தானாக ஒரு இன்ச் விடுவார். வேண்டாம். தளர்ந்தால் மேலே சுருக்கம் விழும், உள்ளே அடுக்குகள் நகரும். பிளவுஸ், பேண்ட் தைப்பவரைவிடச் சோபா உறை தைப்பவரிடம் கொடுப்பது நல்லது, அவரிடம் கனத்த துணிக்கான மெஷின் இருக்கும். ஒரு வாரம் ஆகும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கொடுத்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

9. வீட்டுக்குக் கொண்டுவருவது

ஃபோம் எடை குறைவு, இடம் அதிகம். இரண்டு ஷீட்டைச் சுருட்டிக் கட்டினால்கூட ஆட்டோவில் ஏறாது, குட்டியானை (சின்ன லோடு வண்டி) பேசிவிடுங்கள். வாடகையோடு மாடி ஏற்றும் கூலியையும் சேர்த்தே பேசுங்கள், வீட்டு வாசலில் வைத்துப் பேசினால் அது தனி ரேட். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் இல்லாமல் ஏற்றாதீர்கள். ஃபோம் தண்ணீரைக் குடித்தால் நாள் கணக்கில் காயாது, உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

லேடெக்ஸைத் தூக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது கனமாகவும் தொளதொளவென்றும் இருக்கும், மூலையைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். பழைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்து, இரண்டு பேர் போர்வையைப் பிடித்துத் தூக்குங்கள். சுருட்டி வந்திருந்தால் அன்றைக்கே பிரித்து விரித்துவிட வேண்டும்.

புது ஃபோமில் வாடை வரும். ஜன்னல் திறந்த அறையில் மூன்று நாள் நிறுத்தி வையுங்கள், ஃபேன் ஓடட்டும். மொட்டை மாடியில் வெயிலில் போடாதீர்கள். பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது, ஃபோமுக்கு எதிரி. லேடெக்ஸ் வெயில் பட்டால் காய்ந்து நொறுங்கத் தொடங்கும், பி.யு. மஞ்சளாகி மேல்தோல் உதிரும்.

10. அடுக்குவது

கட்டிலைத் துடைத்து, வெளி உறையின் அடிப்பகுதியை விரியுங்கள். அதற்குள் வைக்கும் முன் உள் உறைக்குள் மூன்று அடுக்கையும் வரிசையாக வைக்க வேண்டும். லேடெக்ஸ் துணியைக் கவ்விப் பிடிக்கும், நகர்த்தவே முடியாது. அதனால் லேடெக்ஸின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதன்மேல் உள் உறையை இழுத்து, மூலைகள் சரியாக உட்கார்ந்த பிறகு பிளாஸ்டிக்கை மெதுவாக உருவிவிடுங்கள். கையை உள்ளே விட்டு நான்கு மூலையையும் தடவிப் பாருங்கள், மடிந்து கிடந்தால் படுக்கும்போது உறுத்தும். பிறகு வெளி உறையில் வைத்து ஜிப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டச் சொல்வார்கள், சோபா வேலைக்காரர்களுக்கு அது கை வந்த பழக்கம். வேண்டவே வேண்டாம். உறை இறுக்கமாக இருந்தால் எதுவும் நகராது. ஒட்டிவிட்டால் நாளைக்கு ஒரு அடுக்கு மட்டும் அமுங்கினாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். தனித்தனியாக இருந்தால் அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வரிசையைத் திருத்தலாம், திருப்பிப் போடலாம். இவ்வளவு அலைந்து நாமே செய்வதன் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது.

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ படுக்கும் மெத்தை என்றால் மேலே தண்ணீர் இறங்காத புரொடெக்டர் ஒன்று முதல் நாளிலிருந்தே போட்டுவிடுங்கள். கொசுவத்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஃபோம் தீப்பிடித்தால் வேகமாக எரியும், புகை நச்சு.

11. முதல் மாதம்

முதல் வாரத்தில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய பள்ளத்தில் படுத்துப் பழகிய உடம்புக்குச் சமமான மெத்தை முதலில் வினோதமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய் வந்தால் மேலே கெட்டி அதிகம். கையே நுழையாமல் இடுப்பு அமுங்கியிருந்தால் மென்மை அதிகம். ஒருக்களித்துப் படுத்து வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேராகத் தெரிய வேண்டும்.

கெட்டியாக இருந்தால் நடு அடுக்கை மட்டும் அதே டென்சிட்டியில் மென்மை ரகமாக மாற்றுங்கள், எடுத்த ஷீட் சோபாவுக்கோ விருந்தினர் படுக்கைக்கோ ஆகும். மென்மை அதிகம் என்றால் கடைக்குப் போகும் முன் ரீபாண்டட்டை நடுவுக்கும் ஹெச்.ஆரை அடிக்கும் மாற்றி ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். கெட்டிதான் அடியில் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு, மேலே இரண்டு இன்ச் லேடெக்ஸ் இருப்பதால் இது பல பேருக்குச் சரியாக வந்துவிடும், செலவும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். தரையில் போட்டுப் படுப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி அடிப்பக்கம் காற்றாட விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. பில்லைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் மார்க்கரால் வாங்கிய மாதத்தையும் டென்சிட்டியையும் எழுதிவிடுங்கள். சில வருடம் கழித்து எந்த ஷீட்டை மாற்றுவது என்று பார்க்கும்போது கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.